கீழ்ச்சுரம் யாருடையது?

திருவாவடுதுறை, திருவீழிமிழலை, திருவெண்காடு என்று ஊரின் பெயரையே தங்கள் முதல் பெயராகக் கொண்ட நாகஸ்வர வித்வான்கள் காவிரிப் படுகையிலிருந்து வந்தார்கள். நாகஸ்வரத்தின் பக்கத்தில் ஒத்து என்று ஒரு கருவி இருக்கும். பார்க்க நாகஸ்வரம் போலவே நீளமானது. அதில் ராகம் வாசிக்க முடியாது. ஒரே சுரத்தை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, மணிக்கணக்கில் அந்தச் சுரத்தை அசையாமல் பிடிப்பவர் இல்லையென்றால் நாகஸ்வரக்காரர் எங்கே நின்று பாடுவார், எங்கே திரும்பி வருவார்?

இந்த உழைப்புக்கு நம் மொழி கொடுத்த மரியாதை என்ன? "அவன் சும்மா ஒத்து ஊதுறான்." அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவன் என்று பொருள். ஜால்ரா போடுவதும் பின்பாட்டுப் பாடுவதும் இதே கதைதான். அடியில் இருந்து பிடித்துக்கொடுக்கிற வேலைகள் எல்லாம் தமிழில் வசவாகியிருக்கின்றன. இன்னொரு சொல்லும் இசையிலிருந்து புழக்கத்துக்கு வந்தது: "அடக்கி வாசி." அதை அதிகம் கேட்டு வளர்ந்தது யார் என்று இந்த நூலின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேஸ் கிடாரைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. 1980களின் தமிழ்த் திரைப்பாடல்களிலும் அவற்றுக்கு உறவான மேற்கத்திய ராக், பாப் பாடல்களிலும் மறக்க முடியாத பேஸ் வரிகள் உண்டு. ரசிகர்கள் அவற்றைப் பட்டியல் போடுகிறார்கள், சிலாகிக்கிறார்கள். சிலாகிக்கும்போது வரும் சொற்கள்: "அஸ்திவாரம்", "முதுகெலும்பு", "பாட்டையே தாங்குது". பாராட்டுத்தான். ஆனால் வீட்டில் ஒரு பெண்ணைப் பாராட்டும்போதும் இதே சொற்கள்தான் வருகின்றன. அஸ்திவாரம் என்பது மண்ணுக்குள் புதைந்திருப்பது. அதை யாரும் பார்ப்பதில்லை. அது எங்கேயும் போகவும் முடியாது. பேஸ் உண்மையில் தாங்குகிறதா, அல்லது வேறு ஏதாவது செய்கிறதா?

வீட்டில் ஒரு ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். வலது கையால் மேலே ஒரு ச-வை அழுத்திப் பிடியுங்கள், விடாதீர்கள். இடது கையால் கீழே ஒரு ச. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும், வீடு வந்து சேர்ந்த மாதிரி. இப்போது மேல் ச-வை அப்படியே வைத்துக்கொண்டு இடது கையை மட்டும் கீழ்த் தைவதத்துக்கு நகர்த்துங்கள். மேலே எதுவும் மாறவில்லை. ஆனாலும் அந்த ச இப்போது துயரமாகக் கேட்கும். அடுத்து இடது கையைக் கீழ் மத்தியமத்துக்குக் கொண்டுபோங்கள். அதே ச இப்போது எங்கோ புறப்படத் தயாராக நிற்கும். பாடுகிறவர் முகபாவத்தை மாற்றிவிட்டார் என்று கேட்பவர் நினைப்பார். மாற்றியது கீழே இருக்கிற கை.

மேலே ஒலிப்பதன் பொருளை முடிவு செய்வது கீழே ஒலிக்கும் சுரம். நாம் அதைத் தாங்குவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

இதை ஒரு பாட்டில் வைத்துப் பார்க்கலாம். 1980இல் வந்த 'மூடுபனி' இளையராஜாவின் நூறாவது படம். பாலு மகேந்திரா இயக்கியது. அதில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை இன்றைக்கும் கல்யாண மேடையில் கிடாருடன் பாடுகிறார்கள். காதலின் உச்சம் என்று அதைக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் படத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள்? பிரதாப் போத்தன் ஏற்ற பாத்திரம் பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடிக் கொல்கிறவன். ஷோபா ஏற்ற பெண்ணை அவன் கடத்திக்கொண்டுபோகிறான். அந்த வீட்டில், தப்பிக்க வழி தெரியாமல் இருக்கும் அவளுக்குத்தான் இந்தப் பாட்டு. நிலவாக வருணிக்கப்படுகிறவள் கைதி.

பாட்டின் மெட்டும் குரலும் இதைச் சொல்வதில்லை. சொன்னால் அது காதல் பாட்டாக இருக்காது. கிடார் தந்திகளை மென்மையாக வருடிக்கொண்டு போகிறான், குரல் பட்டுப்போல் நீள்கிறது. கீழே பேஸ் மட்டும் குரலுக்குப் பணிவிடை செய்யாமல் தன் வழியில் நடக்கிறது. குரல் ஓரிடத்தில் நின்று இளைப்பாறும்போது பேஸ் நகர்கிறது. குரல் சொல்லி முடித்த பிறகும் அதற்குச் சொல்ல இன்னும் ஏதோ இருக்கிறது. ஒரு மெட்டுக்கு அடியில் இரண்டாவது மெட்டாக இந்த நடை ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு அதை மட்டும் கேட்டால் இந்தக் காதலில் எங்கோ அமைதியில்லை என்பது கேட்கும். அந்த வீட்டுக்குள் அவளுக்குத் தெரிந்தது பாட்டின் கீழ்த்தந்திக்கும் தெரிந்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். இசையமைப்பாளர் இப்படித்தான் நினைத்தாரா என்பது என் கேள்வி அல்ல. பாட்டு நமக்குக் கேட்கக் கொடுப்பது இதை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1977இல், அமெரிக்காவில் டாக்கிங் ஹெட்ஸ் என்ற குழு 'சைக்கோ கில்லர்' என்று ஒரு பாட்டை வெளியிட்டது. அதுவும் ஒரு கொலைகாரனின் தன்மொழி. அந்தப் பாட்டு பேஸில்தான் தொடங்குகிறது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி, கடைசியில் மட்டும் சற்றே இடம்மாறித் திரும்பி வரும் வரி. எளிமையானது, ஒரு முறை கேட்டால் தலையை விட்டுப் போகாது. வாசித்தவர் டீனா வேமவுத், ஒரு பெண். பாட்டை எழுதிய மூவரில் ஒருவராகவும் அவர் பெயர் இருக்கிறது. பாடுகிறவன் பதறுகிறான், உளறுகிறான், குரல் உடைகிறது; கீழே அவர் கொஞ்சமும் பதறுவதில்லை. அந்தக் கொலைகாரனைப் பார்த்துப் பயப்பட நமக்கு ஒரு உறுதியான இடம் கிடைக்கிறது என்றால் அது அவர் விரலில் இருக்கிறது. ஒரே காலத்தில் வந்த இரண்டு கொலைகாரர் பாட்டுகளிலும் ஆணின் குரல் என்ன சொல்கிறது என்பதைக் கீழ்ச்சுரம் முடிவு செய்கிறது. அந்தக் கீழ்ச்சுரம் யார் கையில் இருந்தது என்பது அடுத்த கேள்வி.

*

நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. கர்நாடக இசைப் பாடம் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் வாசகம்: சுருதி தாய், லயம் தந்தை. கேட்க அழகாக இருக்கும். தாய் எங்கேயும் அசையாமல் ஒரே சுரத்தில் நிற்பாள். தந்தை காலத்தை நடத்திக்கொண்டு போவார். ஒரு குடும்ப அமைப்பு அப்படியே இசை இலக்கணமாக உட்கார்ந்திருக்கிறது.

தாயின் கருவி தம்புரா. தஞ்சாவூரில் பலாமரத்தில் குடைந்து செய்யும் தம்புராவுக்கு நான்கு தந்திகள். ஒன்று பஞ்சமம், நடுவில் இரண்டும் சாரணை, அனுசாரணை என்று ச-வில் நிற்பவை, கடைசியில் மந்தரம், கீழ்ஸ்தாயி ச. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா என்று ஒரு நூலிழையைச் செருகி, மயிரிழை அளவுக்கு நகர்த்தி நகர்த்திச் சரியான இடம் கண்டால், தந்தி தானாகப் பாடத் தொடங்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காது வேண்டும். வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். கச்சேரி முழுக்க, பக்கத்தில் தனி ஆவர்த்தனம் அதிர்ந்துகொண்டிருந்தாலும், விரல் ஒரே சீராகப் போக வேண்டும்.

மேடையில் அந்தத் தம்புராவுடன் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சிஷ்யை, மகள், மருமகள். ஆண் சீடர்களும் போடுவார்கள். ஆனால் அவர்களுக்கு அது ஒரு படி. நாளைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். பல பெண்களுக்கு அதுவே இருக்கையாக நின்றுவிட்டது. அழைப்பிதழைப் பாருங்கள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். தம்புராவுக்கு எதிரே பெயர் அச்சாவது அபூர்வம். பெரும்பாலும் தம்புரா என்ற சொல்லே இருக்காது. பிறகு மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது. பின்னாலிருந்த பெண்ணின் இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்தது. அதை ஒரு இழப்பாகப் பேசியவர்கள் குறைவு. ஒருவருடைய உழைப்பைப் பல காலமாக இயந்திரம் போலப் பார்த்துப் பழகியிருந்தால், இயந்திரம் வந்து அமரும்போது கண் உறுத்தாது.

பெண்ணுக்கு அடித்தளம் மட்டும் அனுமதி, குரலுக்கு அனுமதி இல்லை என்பது இங்கே வெறும் உருவகம் அல்ல. தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில், திருவையாற்றில், காவிரிக் கரையில் அது நடந்திருக்கிறது. தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1920களில் அதைச் சீர்செய்து, தன் நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டுக் கோயிலாகக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் வந்த பாடகி. அப்போது ஆராதனையை நடத்திக்கொண்டிருந்த ஆண்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள். பல விஷயங்களில் சண்டை போட்ட அந்த இரண்டு கட்சிகளும் ஒன்றில் உடன்பட்டிருந்தன: பெண்கள் அங்கே பாடக்கூடாது. கல்லும் சுண்ணாம்பும் அவருடையது. அதன்மேல் எழும் ஒலி அவருடையதாக இருக்கக்கூடாது.

நாகரத்தினம்மாள் அஸ்திவாரமாக இருந்துவிட்டுப் போகவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஒரு ஆராதனையைத் தொடங்கினார். மூன்றாவது கட்சி உருவானது, பெண்கள் கட்சி. 1940களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாகும்வரை அது நடந்தது. இன்றைக்குப் பகுள பஞ்சமி அன்று ஆயிரக்கணக்கானோர் பஞ்சரத்தினக் கிருதிகளைப் பாடும்போது பெண் குரல்கள் கேட்கின்றன. அவற்றை அங்கே கொண்டுவந்தது தாங்கிக்கொண்டிருந்த பொறுமை அல்ல. தனிக் கட்சி கண்ட முடிவு.

*

பேஸ் கிடாரைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அதை யார் கேட்டார்கள்?

நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பப் பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் வேண்டும். எங்கள் படுகைக் கிராமங்களில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக்செட்காரர் தென்னைமரத்தில் கட்டும் குழாய்க்கு அந்தச் சக்தி இல்லை. அது மூன்று ஊருக்குக் கேட்கும், ஆனால் குரலும் வயலினும் புல்லாங்குழலும்தான் கேட்கும். கீழ்ச்சுரம் குழாயிலேயே நின்றுவிடும். அடுப்படி அலமாரியில் இருந்த சின்ன டிரான்ஸிஸ்டரிலும் அப்படித்தான். மேலே எழும் மேற்சுரங்களை வைத்து, இல்லாத அடிச்சுரத்தைக் காது ஊகித்துக்கொள்ளும். உடம்பில் அது படாது.

பேஸ் உடம்பில் பட்டது வேறு இடங்களில். கடைவீதி டீக்கடையில், பாட்டுப் பதிவு செய்துகொடுக்கும் கேஸட் கடை வாசலில், சலூனில், வாடகை வேனில். ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கியிருந்த இடங்கள் எல்லாம் ஆண்கள் நின்று பேசும் இடங்கள். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வந்து இறங்கிய டூ-இன்-ஒன் பெட்டிகளும் வீட்டின் முன்கூடத்தில் ஆண்கள் பக்கம்தான் இருக்கும். பொத்தானைத் தொட அனுமதி கேட்க வேண்டும். நடவு வயலில் குனிந்திருந்த பெண்களுக்குக் காற்றில் வந்தது குழாய்ப் பாட்டு. அதே பாட்டை டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர் நெஞ்சில் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே பாட்டின் மேல்பாதி அவளுக்கும் முழுப்பாட்டு அவருக்கும் போய்ச் சேர்ந்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: தனியார் பஸ். மன்னார்குடி, கும்பகோணம், பட்டுக்கோட்டைத் தடங்களில் ஓடிய பஸ்களில் பாட்டு ஒரு போட்டி. எந்த வண்டியில் பெட்டி நன்றாக இருக்கும் என்று தெரிந்து, முன்னால் வரும் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தோம். டிக்கெட் எடுத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் யாரும் எழுப்பிவிட முடியாது. இருக்கைக்கு அடியிலிருந்து கால் வழியாக ஏறிவரும் அந்த அதிர்வைப் பல பெண்கள் முதன்முதலில் அங்கேதான் அறிந்தோம். வீட்டில் நூறு முறை கேட்ட பாட்டுக்குள் இப்படி ஒரு ஆள் நடந்துகொண்டிருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. எங்களில் ஒருத்திக்கும் அது நம் கை வாசிக்கக்கூடியது என்று தோன்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீணை வகுப்புக்கு அனுப்பினார்கள். பேஸ் கிடார் என்ற பெயர்கூட எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் கிடைத்தது.

*

குரலிலும் இதே பங்கீடுதான். பெண் குரல் உயரத்தில் இருக்க வேண்டும். கட்டை என்பது நம் இசையில் சுருதியை அளக்கும் சொல்; ஆனால் ஒரு பெண்ணிடம் "உனக்குக் கட்டைத் தொண்டை" என்றால் அது குறை. "ஆம்பளைக் குரல்" என்றால் பாட்டு வகுப்பிலிருந்து நின்றுவிடலாம். திரைப்படத்தில் கதாநாயகியின் குரல் மேலே ஏற ஏற அவள் தூய்மையும் ஏறியது. சற்றுக் கீழே இறங்கி, கனத்து, கரகரக்கும் பெண் குரலுக்கு ஒதுக்கப்பட்ட இடம் கிளப் நடனம். எல். ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு இருந்த வீச்சுக்கு எதைக் கொடுத்திருந்தாலும் பாடியிருப்பார்; பக்திப் பாடல்களில் அதைக் காட்டவும் செய்தார். திரையில் அவரைத் தேடிப் போனவை பெரும்பாலும் மது, மயக்கம், இரவு விடுதிப் பாடல்கள். அந்தப் பாடல்களில்தான் பேஸும் வெளிப்படையாக முன்னால் வந்து ஆடும். கீழ்ஸ்தாயிக்கும் 'கெட்ட' பெண்ணுக்கும் ஒரே மேடை போட்டார்கள்.

ஒரு ஆண் கீழே இறங்கினால் என்ன நடக்கும்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, உச்சத்தில் ஒலித்த திமிரி நாகஸ்வரத்தை விட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தினார். நரசிங்கம்பேட்டை ஆச்சாரியார் அதற்கான கருவியைச் செதுக்கிக் கொடுத்தார். இன்று நாகஸ்வரம் என்றால் நம் காதுக்கு வருவது அந்தத் தாழ்ந்த ஒலிதான். அது கம்பீரம் என்றும் புரட்சி என்றும் சரியாகவே போற்றப்படுகிறது. கீழே இறங்குவது அவருக்குச் சாதனை. ஒரு பெண்ணுக்கு அது தொண்டைக் கோளாறு. கீழ் என்ற சொல் இங்கே வெறும் இசைச்சொல்லும் அல்ல. கீழத்தெரு என்று எந்தத் தெருவைச் சொல்கிறார்கள் என்பது படுகையில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்தத் தெருவின் பறை அதிர்ந்தால்தான் ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் வழி திறக்கும். அந்தப் பறையையும் பெண்கள் தொடக்கூடாது என்று இருந்ததை, திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் 1990களிலிருந்து அடித்து உடைத்தார்கள். சாதியும் பாலினமும் சேர்ந்து பூட்டிய கீழ்ச்சுரம் அது.

*

மேற்கில் நிலைமை மேலானது என்று நினைத்துவிட வேண்டாம். கரோல் கே என்ற பெயரைப் பாருங்கள். 1935இல் பிறந்தவர்; ஜாஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு வரவேண்டிய பேஸ் கலைஞர் வராததால் பேஸை எடுத்தார். அதன்பின் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான பதிவுகள். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பில் அவர் இருக்கிறார். 1967இல் வந்த சானி, ஷேரின் 'தி பீட் கோஸ் ஆன்' பாட்டு ஏறத்தாழ ஒரே கார்டில் நின்றது; நகராத அந்தப் பாட்டுக்கு அவர் உருவாக்கிக் கொடுத்த பேஸ் வரிதான் இன்று அதன் அடையாளம். மெட்டை மறந்தவர்கள்கூட அந்த வரியை முணுமுணுக்கிறார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளில் கூடக் கலைஞர்களின் பெயர் இருக்காது. மோட்டவுன் நிறுவனத்தின் பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞருக்கே 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் பெயர் கிடைத்தது. எழுதியவர், பாடியவர், தயாரித்தவர் ஆகியோருக்குப் பங்கும் புகழும். கீழே வாசித்தவருக்கு அன்றைய கூலி.

2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கரோல் கேயைக் கௌரவிக்கத் தேர்ந்தெடுத்தது. தொண்ணூறு வயதில் அவர் வர மறுத்துவிட்டார். ஒலிப்பதிவுக் கலைஞர்களின் வேலையை அந்த விழா காட்டுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். கூட்டாகச் செய்த உழைப்பிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்து மாலை போடுவதை அவர் ஏற்கவில்லை. தாங்கியதற்கு நன்றி என்ற பாராட்டு ஒரு பெண்ணுக்கு எப்போது வருகிறது, என்னவாக வருகிறது என்று யோசித்தவர்களுக்கு அந்த மறுப்பு புரியும்.

அடுத்த தலைமுறையில் வேறொன்று நடந்தது. டீனா வேமவுத், சோனிக் யூத்தின் கிம் கார்டன், பிக்ஸீஸின் கிம் டீல் என்று ராக் குழுக்களில் பெண்கள் பேஸ் வாசிக்க வந்தார்கள். உடனே ஒரு பேச்சும் வந்தது: பேஸ் எளிது, நான்கு தந்திதானே, அதனால் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்க்க அது வசதி. தடித்த தந்தியை அழுத்த ஆண் கை வேண்டும் என்று சொல்லப்பட்ட அதே கருவி, பெண் கைக்கு வந்ததும் எளிதாகிவிட்டது. தம்புராவுக்கு நடந்தது இதுதான். ஒரு வேலை கடினமா எளிதா என்பதை இங்கே வேலை தீர்மானிப்பதில்லை. செய்கிறவர் யார் என்பது தீர்மானிக்கிறது.

நம் படுகையிலிருந்தே இதற்குப் பதில் சொன்னவர் உண்டு. 1957இல் மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால் கடம் கற்கப் போனபோது, பெண் கைக்கு அது கடினம் என்றார்கள். பானையின் வாயை வயிற்றோடு அணைத்துத் திறந்து மூடிக் கும்மென்ற கீழொலியை எடுக்க வேண்டிய கருவி. அவர் கற்றார், மேடை ஏறினார். ஒரு பெண்ணுடன் வாசிக்க மறுத்த மிருதங்க வித்வான்களைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1995இல் முழுதும் பெண்களைக் கொண்ட 'ஸ்த்ரீ தாள் தரங்' குழுவைத் தொடங்கினார். வெவ்வேறு சுருதிக் கடங்களைச் சுற்றி அடுக்கி அவற்றில் மெட்டே வாசித்தார். லயம் தந்தை என்ற வாசகத்தை எழுதியவர்கள் இந்தத் தந்தையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வாசகத்தை பேஸ் கிடார் இன்னொரு வகையிலும் உடைக்கிறது. பேஸ் சுரத்தையும் பிடிக்கிறது, காலத்தையும் பிடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் "எந்தச் சுரம்" என்பதற்கும் "எப்போது" என்பதற்கும் ஒரே விரல் பதில் சொல்கிறது. அது தாயா தந்தையா என்று கேட்டால் விடை இல்லை. குடும்பப் படத்தை மாட்ட ஆணியே இல்லாத கருவி அது. பேஸை முதுகெலும்பு, அஸ்திவாரம் என்று தாய்மைப்படுத்திப் போற்றும்போது நாம் இந்த விடுதலையைத்தான் இழக்கிறோம்.

ஆகவே கீழே இருப்பவர்களை இன்னும் கொஞ்சம் போற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. போற்றுதலில் நமக்குக் குறைவில்லை. கேட்பது வேறு. 1980களின் திரைப்பாடல் கேஸட் உறைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் மட்டும் இருந்தன. இளையராஜாவின் பேஸ் வரிகளை வாசித்த சசிதரனின் பெயர் ரசிகர்களின் தேடலால் தெரியவந்தது. பிறகு ஏ. ஆர். ரகுமான் தன் தொகுப்புகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டார். பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸை அப்படித்தான் அறிந்தோம். இன்று அதே ரகுமானின் மேடைகளில் வாசித்த மோகினி டே தன் பெயரிலேயே தொகுப்பு வெளியிடுகிறார். பெயர் அச்சாகும்போது, இது யாரோ தாங்கிய பாரம் அல்ல, இன்னார் எடுத்த முடிவு என்பது பதிவாகிறது. விமர்சகர்கள் அந்த முடிவை வாசிக்க முடிகிறது; ஒரு சிறுமி அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க முடிகிறது.

அதைத் தொடங்க பெரிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலிலோ சபாவிலோ கச்சேரி அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போது, கடத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தம்புரா, புள்ளி புள்ளி, அதன் எதிரே அந்தப் பெண்ணின் பெயர். இடமில்லை என்பார்கள். எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் வரும் என்று சொல்லுங்கள், பாடகரின் எழுத்தை.